மண்வெட்டியோடு அடுத்த ஊருக்கு

மாரி மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு தம்பிலுவில், திருக்கோவில் பக்கத்தில் கோயில் ஒலிபெருக்கியிலும், வடக்கே அக்கரைப்பற்றுப் பக்கத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் ஏறத்தாழ ஒரே அறிவித்தல்தான் கேட்கும். நாளை காலை சிரமதானம், மண்வெட்டி, கத்தி, தும்புத்தடி உள்ளவர்கள் கொண்டு வரவும். காரணத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. வடிகான் அடைத்துக் கிடக்கிறது, விளையாட்டு மைதானத்தில் புல் முழங்காலளவு வளர்ந்துவிட்டது, டெங்குக் காலம் வருகிறது. காலை ஆறரைக்கு ஒரு சிலர் வருவார்கள், ஏழரைக்குள் கூட்டம் சேர்ந்துவிடும். ஒன்பது மணிக்குப் பிளேன்டீயும் பிஸ்கட்டும் வரும். பிரதேச சபையின் உழவு இயந்திரம் குப்பையை ஏற்றிக்கொண்டு போகும். எல்லோரும் சேர்ந்து நின்று ஒரு படம் எடுப்பார்கள், பிறகு அவரவர் வீடு.

இது குறையல்ல. இந்தக் கரையோரத்தில் போரும் கடலும் தின்றது போக மிஞ்சியிருக்கிற நல்ல பழக்கங்களில் இதுவும் ஒன்று. ஆனால் சிரமதானம் என்ற பெயரோடு இந்த நாட்டில் தொடங்கிய விடயத்தில் இது பாதிதான். உடம்பை வளைத்து உழைப்பது இருக்கிறது. உழைப்பு முடிந்ததும் ஒன்றாக உட்கார்ந்து, இதை ஏன் செய்தோம், யாருக்காகச் செய்தோம் என்று பேசிப் படித்துக்கொள்வது போய்விட்டது. இன்னொன்றும் போய்விட்டது, அதுதான் பெரிய இழப்பு. முதல் சிரமதானம் சொந்த ஊரில் நடக்கவில்லை, அடுத்தவர் ஊரில் நடந்தது.

வடிகானுக்குள் இறங்கியவர்களுக்கு அது எப்படிப்பட்ட உடற்பயிற்சி என்று சொல்லத் தேவையில்லை. இறங்கியவுடன் இளைஞர்கள் போட்டி போட்டு வெட்டுவார்கள். சேறு மண்வெட்டியில் ஒட்டும், ஒவ்வொரு வெட்டும் முந்தியதைவிடப் பாரமாக இருக்கும். கால் மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார்கள். அந்த நேரத்தில்தான் வயல் வேலை செய்து பழகிய பெரியவர் ஒருவர் மண்வெட்டியை வாங்கிக் காட்டுவார். முதுகால் தூக்காதே, முழங்காலை மடித்துத் தொடையால் தூக்கு. பிடியை உடம்போடு அணைத்துப் பிடி. பத்து வெட்டுக்கு ஒருக்கால் வலக்கையையும் இடக்கையையும் மாற்று. வெட்டிய சேறு தாச்சியில் விழ, தாச்சி கைமாறிக் கைமாறிக் கரைக்குப் போகும். வரிசையில் ஒருவர் வேகமெடுத்தாலும் ஒருவர் சோர்ந்தாலும் முழு வரிசையும் குழம்பும். ஆகவே யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் ஒரு தாளம் பிடிபட்டுவிடும். நகரங்களில் மாதக் கட்டணம் கட்டிப் பழகுகிற குந்தி எழும்புதலும் பாரந்தூக்கலும் இதைவிடப் பெரிதாக எதையும் செய்வதில்லை.

இந்த உழைப்பு இன்றைக்கு எங்களுக்கு மருந்தும்தான். இலங்கையில் நேரும் மரணங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருதய நோய், நீரிழிவு, புற்றுநோய் முதலிய தொற்றா நோய்களால் வருபவை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். வளர்ந்த ஒருவர் வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமாகவோ, 75 நிமிடங்கள் கடுமையாகவோ உடம்பை இயக்க வேண்டும், வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது அதே ஸ்தாபனத்தின் அறிவுரை. வயலையும் கடலையும் விட்டு மேசைக்கும் கடைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மாறிவிட்ட தலைமுறைக்கு அந்த 150 நிமிடங்கள் மலையாகத் தெரிகின்றன. ஒரு நல்ல சிரமதானக் காலை அந்தக் கணக்கைத் தாண்டிவிடும்.

பாதை வெட்டிய ஒரு பேராசிரியரின் பட்டாளம்

விளையாட்டில் வீணாகும் தெம்பைப் பிறருக்குப் பயன்படுகிற வேலையில் செலவிட்டால் என்ன என்ற கேள்வியை 1874ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்டில் ஒருவர் கேட்டார். அவர் ஜோன் ரஸ்கின், அங்கே ஓவியக்கலைப் பேராசிரியர். படகு வலித்தும் பந்தடித்தும் உடம்பை வளர்க்கிற மாணவர்களை, பக்கத்திலிருந்த ஹிங்ஸி என்ற ஏழைக் கிராமத்துக்கு ஒரு பாதை போட்டுக் கொடுக்கச் சொன்னார். மாணவர்கள் கோடரியும் மண்வெட்டியும் தூக்கிக்கொண்டு போனார்கள். வேடிக்கை பார்க்கவும் கேலி செய்யவும் ஊர் திரண்டது, பத்திரிகைகளும் பரிகசித்தன. பாதை ஒன்றும் சிறப்பாக அமையவில்லை. ஆனால் அங்கே மண் அள்ளியவர்களின் பெயர்களைப் பாருங்கள். ஒருவர் பின்னாளில் எழுத்தாளரான ஒஸ்கார் வைல்ட். இன்னொருவர் ஆர்னல்ட் டொயின்பீ. முப்பது வயதில் இறந்துபோன அவருடைய நினைவாகத்தான் 1884இல் கிழக்கு லண்டனில் ஏழைகள் நடுவே படித்தவர்கள் வந்து தங்கித் தொண்டு செய்யும் டொயின்பீ மண்டபம் எழுந்தது. மூன்றாமவர் ஹார்ட்விக் ரோன்ஸ்லி, பின்னாளில் பிரித்தானியாவின் இயற்கையையும் பழைமையையும் காக்கும் தேசிய நம்பிக்கை நிதியத்தை நிறுவிய மூவரில் ஒருவர். பாதை கோணலாகப் போனது, அதை வெட்டியவர்கள் நேராக வந்தார்கள்.

அதே ரஸ்கினின் புத்தகம் ஒன்றை 1904இல் ஜொஹன்னஸ்பேர்க்கிலிருந்து டேர்பனுக்கு ரயிலில் போகும்போது காந்தி இரவிரவாக வாசித்தார். உடல் உழைப்பாளியின் வாழ்வே வாழத் தக்கது என்ற முடிவோடு ரயிலை விட்டு இறங்கியவர், அதே ஆண்டில் பீனிக்ஸ் பண்ணையைத் தொடங்கினார். 1908இல் அந்தப் புத்தகத்தைக் குஜராத்தியில் சுருக்கி எழுதி, அதற்கு 'சர்வோதய' என்று பெயர் வைத்தார். அவருடைய சீடர் வினோபா பாவே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு 1951இல் போச்சம்பள்ளியில் பூதான, அதாவது நிலக்கொடை, இயக்கமாக்கினார். அந்தப் பெயர்தான் கடல் தாண்டி எங்களிடம் வந்தது.

கனத்தொலுவ, 1958

கொழும்பு நாலந்தா கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தார் ஏ. ரி. ஆரியரத்ன. காலி உனவட்டுனையில் 1931இல் பிறந்தவர், அப்போது வயது 27. 1958 டிசம்பர் விடுமுறையில் தன் மாணவர்களையும் சக ஆசிரியர்களையும் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிச் சென்றார். அது ரொடி சமூகத்தவர்களின் கிராமம். சிங்களச் சாதி அமைப்பில் ஆகக் கீழே தள்ளப்பட்டு, பிச்சை எடுத்தே பிழைக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டவர்கள். அவர்களைத் தொடுவதே தீட்டு என்றிருந்த காலம். கொழும்பின் பெயர்போன பாடசாலைப் பிள்ளைகள் அந்த மண்ணில் தங்கினார்கள், அவர்களோடு சேர்ந்து கிணறு வெட்டினார்கள், மலகூடம் கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள். ஒன்றாகச் சாப்பிட்டதுதான் அந்த முகாமில் ஆகக் கஷ்டமான வேலை, கிணறு வெட்டியது அல்ல.

சர்வோதய சிரமதான இயக்கத்தின் விதை அது. வேலை நாளின் ஒழுங்கு படிப்படியாக உருவானது. காலையில், மதியத்தில், இரவில் எல்லோரும் கூடுவார்கள், குடும்ப ஒன்றுகூடல் என்று அதற்குப் பெயர். கொஞ்ச நேரம் மௌனம், ஒரு பாட்டு, பிறகு பேச்சு. அதிகாரியும் கூலிக்காரனும் அங்கே ஒருவரையொருவர் பதவிப் பெயரால் அழைப்பதில்லை. அம்மா, அப்பா, அக்கா, தம்பி. கொடுத்தல், இனிய சொல், பயனுள்ள செயல், சமமாக நடத்தல் என்ற நான்கும் அங்கே பாடம். கரும்பலகை இல்லை, அன்று காலை யார் யாருடைய தாச்சியை வாங்கினார்கள் என்பதே உதாரணம். நாங்கள் பாதையை அமைக்கும்போது பாதை எங்களை அமைக்கிறது என்ற கருத்தை அந்த இயக்கம் தன் தாரக மந்திரமாகக் கொண்டது. ஹிங்ஸியில் தற்செயலாக நடந்ததைக் கனத்தொலுவக்காரர்கள் தெரிந்தே செய்தார்கள்.

1972இல் பாராளுமன்றச் சட்டத்தால் இயக்கம் கூட்டிணைக்கப்பட்டது. ஆரியரத்னவுக்கு 1969இல் மக்சேசே விருது, 1996இல் காந்தி சமாதான விருது. 15,000க்கும் மேற்பட்ட கிராமங்களைத் தொட்டதாக இயக்கம் சொல்கிறது. அவர் 2024 ஏப்ரலில் மறைந்தார். விருதுகளைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, ஒரு கிராமம் வளர்வதற்கு அவர்கள் வகுத்த ஐந்து படிகள். முதற்படி சிரமதானம். பிறகு தாய்மார், இளைஞர், விவசாயிகள் குழுக்கள், முன்பள்ளி. பிறகு சட்டப்படி பதிந்த சங்கம். பிறகு சொந்த வருமானம். ஐந்தாவதும் கடைசியுமான படி, அடுத்த கிராமத்துக்குப் போய் உதவுவது. எங்களுடைய சிரமதானங்கள் முதற்படியில் ஏறி, அங்கேயே படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகின்றன.

அதே மண்வெட்டி, வேறு கை

பொது வேலைக்கு ஆள் திரட்டுவது இந்தத் தீவுக்குப் புதிதல்ல. மன்னர் காலத்திலிருந்து ராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பு இருந்தது. ஆங்கிலேயர் அதை 1832இல் ஒழித்தார்கள். பதினாறு வருடம் கழித்து, 1848இல், டொரிங்டன் ஆளுநர் தெருச் சட்டம் கொண்டுவந்தார். 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை செய்யவேண்டும், அல்லது மூன்று ஷிலிங் கட்டவேண்டும். அந்த ஆண்டே மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. ஆறு நாள் வேலைக்காக உயிரைக் கொடுத்து எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள், நூறு வருடம் கழித்து, கேட்காமலே மண்வெட்டி எடுத்து வந்து பாட்டுப் பாடிக்கொண்டு தெரு வெட்டினார்கள். வேலை ஒன்றுதான். ஒன்றில் கட்டளை இருந்தது, மற்றதில் மனம் இருந்தது. ஆகவே அரச அலுவலகங்களில் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி நடத்தப்படும் சிரமதானத்தை நான் அந்தப் பெயரால் அழைக்க மாட்டேன்.

தமிழர்களுக்கு இதற்கான மூதாதை வேறு. கோயில் தூணிலும் விமானத்திலும் அப்பரைப் பாருங்கள். சம்பந்தர் கையில் பொற்றாளம். அப்பர் கையில் உழவாரம், புல்லுச் செதுக்குகிற சாதாரண இரும்புக் கருவி. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னனையே எதிர்த்து நின்ற ஒரு பெரிய மனிதர், ஊர் ஊராக நடந்து கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். நடந்தார், செதுக்கினார், பாடினார். உடற்பயிற்சி, தொண்டு, பாடம் மூன்றும் அவரிடம் ஒன்றாக இருந்தன. வைகாசியில் தம்பிலுவில் கண்ணகி அம்மன் கதவு திறப்பதற்கு முன்பு வளவைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள் செய்வதும் அதே உழவாரப் பணிதான். பள்ளிவாசல் வழியில் கிடக்கிற முள்ளை எடுத்துப் போடுவதையும் ஸதகா என்ற தர்மமாகவே எண்ணுகிறவர்கள் பக்கத்து ஊரில் இருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் இந்தப் பாடம் புதிதல்ல, இரண்டும் தங்கள் தங்கள் முற்றத்துக்குள் அதைப் படிக்கின்றன.

தொண்டு என்றால் இந்தக் கரையோரத்துக்கு இன்னொரு முகமும் நினைவுக்கு வரவேண்டும். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபர் பதவியை விட்டுவிட்டு 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். சுவாமி விபுலாநந்தராகத் திரும்பி வந்து, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். யாழ் நூல் எழுதிய பேராசிரியர் என்றே அவரைப் பாடப்புத்தகம் சொல்கிறது. கிழக்கின் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் தேடி அலைந்த நிர்வாகியை அது சுருக்கிவிட்டது.

நடக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பவர்கள்

கரையோர மக்களின் ஆகப் பெரிய கூட்டு உடற்பயிற்சி கதிர்காமப் பாதயாத்திரை. வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுகிறவர்கள் வெருகல், மட்டக்களப்பு, மண்டூர் கடந்து இந்தப் பக்கமாகத்தான் திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி சந்நிதிக்கு வருகிறார்கள். பிறகு பொத்துவில், உகந்தை, அதற்கப்பால் குமண, யால காடு. வாரக்கணக்காக வெயிலில் நடக்கிற கால்கள். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும். அங்கே சோறு போடுகிறவர் யார், யாருக்குப் போடுகிறார் என்று யாரும் கேட்பதில்லை. காலில் கொப்புளம் வந்த அந்நியருக்கு எண்ணெய் தடவிவிடுகிற அம்மாவுக்கு யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை.

1983 கலவரத்துக்குப் பிறகு, அதே ஆண்டு டிசம்பரில், ஆரியரத்ன இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்க நினைத்தார். கதிர்காமத்திலிருந்து நயினாதீவு நாகதீபத்துக்கு ஒரு சமாதான நடை. சில நாட்களிலேயே அரசின் வேண்டுகோளால் அது நிறுத்தப்பட்டது. அந்த நடை நயினாதீவு வரை போயிருந்தால் யுத்தம் நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தெற்கின் கால்கள் வடக்கின் மண்ணை மிதித்துப் பழகியிருக்கும். அது நடக்காமற்போனதை நினைக்கும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கிணற்றை இறைத்தவர்கள்

அன்பு மட்டும் இருந்தால் தொண்டு சரியாகிவிடாது என்பதையும் இந்தக் கரைதான் எனக்குக் கற்பித்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் நாட்களில் தமிழரும் முஸ்லிம்களும் யாருடைய பிணம், யாருடைய பிள்ளை என்று பாராமல் தூக்கினார்கள், ஒருவர் ஊரில் மற்றவர் தஞ்சம் புகுந்தார்கள். அதன் பிறகு தொண்டர்கள் கிணறுகளை இறைக்கத் தொடங்கினார்கள். உப்பும் சேறும் கலந்த தண்ணீரைத் திரும்பத் திரும்ப வற்ற இறைத்தார்கள். நோக்கம் தங்கமானது. ஆனால் இந்த மணற்கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மேலே உள்ளதை அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உள்ள உப்பு ஏறி வரும். பிறகு கிழக்குக் கரையில் ஆய்வு செய்தவர்கள், கிணறுகளைத் தேற்றியது பெரும்பாலும் மாரி மழைதான் என்று கண்டார்கள். இறைத்தவர்களின் தோள்வலி உண்மை. அவர்களை உட்கார வைத்து, ஊர்க் கிணறு வெட்டுகிற ஒருவரைப் பேச விட்டிருந்தால் பாதி உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

இன்றைய கடற்கரைச் சுத்திகரிப்பிலும் இதே கேள்வி இருக்கிறது. தம்பிலுவில் மணலில் பொறுக்கிய பொலித்தீன் எங்கே போகிறது? அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில், பொலித்தீனைத் தின்று எட்டு வருடங்களில் ஏறத்தாழ இருபது யானைகள் செத்ததாக 2022இல் உலகச் செய்திகளில் வந்தது. பக்கத்துப் பல ஊர்களின் குப்பை சேர்கிற இடம் அது. கடற்கரையில் எடுத்து யானையின் வயிற்றில் போடுவதற்குப் பெயர் சேவையல்ல. உழைத்து முடித்து ஒன்றாக உட்காரும் நேரத்தில் பேச வேண்டிய பாடம் இதுதான். பிரித்துச் சேகரிப்பது எப்படி, மீள்சுழற்சிக்கு எடுக்கிறவர் யார், எங்கள் கடையில் யார் பையை மறுப்பது. தன்னலமற்ற சேவை என்ற தலைப்பில் ஒரு அதிதி மேடையேறிப் பேசுவதைவிட இது பயனுள்ளது.

உடற்பயிற்சியையும் தொண்டையும் இன்றும் இணைப்பவர்கள் உண்டு. கிழக்கு லண்டனில், டொயின்பீ மண்டபம் இருக்கும் அதே பகுதியில், இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியும் தறுவாயில் குட்ஜிம் என்றொரு அமைப்பு தொடங்கியது. கூட்டாக ஓடுவார்கள், ஓடிப் போய் ஒரு சமூகத் தோட்டத்தில் மண் புரட்டுவார்கள், தனியே இருக்கும் முதியவர் ஒருவரைப் பார்ப்பார்கள், திரும்பி ஓடி வருவார்கள். அந்த முதியவர்களை அவர்கள் பயிற்றுநர் என்று அழைக்கிறார்கள், ஓட வைப்பவர் அவர்தானே. எங்களிடம் இதற்கான ஆட்கள் இல்லையென்று சொல்ல முடியாது. மாலையில் கடற்கரையில் பந்தடிக்கும் கழகங்கள் தம்பிலுவிலிலும் உண்டு, அக்கரைப்பற்றிலும் உண்டு, கல்முனை வரை ஊருக்கு ஊர் உண்டு.

ஆகவே ஒரு யோசனை. ஒக்டோபர் நடுப்பகுதிக்கு முன்பு ஒரு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவும் கோயிலும், ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பும் அஹதியா வகுப்பும் இருப்பதால் சனிதான் தோது. தம்பிலுவில் கழகங்கள் தங்கள் மண்வெட்டியோடு அக்கரைப்பற்றுக்குப் போகட்டும். எந்த வடிகான், எந்த வாய்க்கால் என்பதை அந்த ஊரார்தான் சொல்ல வேண்டும், போகிறவர்கள் அல்ல. சேற்றில் இறங்குகிறவர்களுக்குச் சப்பாத்தும் கையுறையும் வேண்டும். எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் தேத்தண்ணி ஊற்றுவதற்கு மட்டும் வந்தவர்களாக நிற்க வேண்டாம், தாச்சி வரிசையிலும் ஒன்றுகூடலிலும் அவர்களுக்கு இடம் இருக்கட்டும். சாப்பாடு அழைக்கிற ஊரின் பொறுப்பு, சோறு, பருப்பு, கத்தரிக்காய், சம்பல் என்று மரக்கறியாக இருந்தால் யாருக்கும் தயக்கமிராது. அதிதிகள் வந்தால் அவர்களும் ஒரு தாச்சி தூக்கட்டும். சாப்பிட்ட பிறகு, படம் எடுப்பதற்கு முன்பு, மரநிழலில் எல்லோரும் வட்டமாக உட்காருங்கள். முதலில் பேசுகிறவர் அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒருவராக இருக்கட்டும். அந்த வடிகான் எந்த வருட வெள்ளத்தில் எந்த வீட்டுக்குள் தண்ணீரை விட்டது என்று அவர் சொல்லட்டும்.

அடுத்த மாதம் அக்கரைப்பற்றுக் கழகங்கள் தங்கள் தாச்சிகளோடு தம்பிலுவிலுக்கு வர வேண்டும். எந்த வடிகான் என்று அன்றைக்கு எங்கள் ஆட்கள் காட்டுவார்கள், சமையலும் எங்களுடையது.